ரிப்போர்ட்டில் 'சென்சிட்டிவ்', காலில் சீழ்: மெதுவாக வளரும் கிருமியைப் பற்றி ஒரு விரிவான பதில்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். அம்மாவுக்கு வயது 64. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. ஏழாவது மாதத்தில் வலி, லேசான வீக்கம், தழும்பின் ஓரத்தில் சீழ். ஆண்டிபயாடிக் கொடுத்தால் அடங்குகிறது. நிறுத்திய மூன்று நான்கு வாரத்தில் திரும்பி வருகிறது. மூன்று முறை இப்படி ஆகிவிட்டது. முதல் கல்ச்சரில் (மாதிரியைத் தட்டில் இட்டுக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி வளர்ந்தது, கொடுத்த மருந்துகள் எல்லாவற்றுக்கும் 'சென்சிட்டிவ்' என்று வந்தது. அடுத்த இரண்டு கல்ச்சரிலும் 'நோ க்ரோத்'. இப்போது பார்க்கும் மருத்துவர் 'ஸ்மால் காலனி வேரியண்டாக இருக்கலாம்' என்று சொல்லியிருக்கிறார், அதாவது தட்டில் மிகச் சிறிய புள்ளிகளாக (காலனிகளாக) மெதுவாக வளரும் குட்டிக் காலனி வகை. மருந்துக்குப் பணிகிற கிருமி என்றால் ஏன் போகவில்லை, கிருமியே இல்லை என்றால் சீழ் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், இரண்டு வயதுப் பேத்தி பாட்டி மடியை விட்டு இறங்குவதே இல்லை, அவளுக்கு ஒட்டிக்கொள்ளுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: ரிப்போர்ட் பொய் சொல்கிறதா, யாராவது தப்புப் பண்ணிவிட்டார்களா? பொய் இல்லை. ஆனால் அந்த ரிப்போர்ட் பதில் சொல்வது நீங்கள் கேட்காத வேறொரு கேள்விக்கு. அதை விளக்கினால் மற்றதெல்லாம் ஓரளவு தானாகவே பிடிபடும். நான் இருபது வருடத்துக்கு மேலாக மருத்துவமனை நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கல்ச்சர் பிளேட்டைப் பற்றி நம்பிக்கையோடு பேசுவேன். ஆனால் நான் அறுவை சிகிச்சை நிபுணர் இல்லை, அம்மாவின் காலைப் பார்க்கவும் இல்லை. எந்த ஆபரேஷன், எப்போது என்பதை அவரைப் பரிசோதிக்கிறவர்தான் சொல்ல வேண்டும்.

'சென்சிட்டிவ்' என்று எப்படி முடிவுசெய்கிறோம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். கிருமியை ஒரு தட்டில் சீராகப் பூசி, மேலே மருந்து ஊறிய சின்னச் சின்ன வட்டத் தாள்களை வைத்து, 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் வைப்போம். மருந்து தாளிலிருந்து பரவும், கிருமி வளர்ந்துகொண்டே வரும். மருந்து முந்திய இடத்தில் வெறுமையாக ஒரு வட்டம் தெரியும். அதன் விட்டத்தை அளந்துதான் சென்சிட்டிவ் (மருந்துக்கு அடங்கும்), ரெசிஸ்டன்ட் (அடங்காது) என்று எழுதுகிறோம். ஆக, வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் கிருமியை இந்த மருந்து நிறுத்துமா என்பதுதான் அங்கே கேட்கப்படும் கேள்வி. பெருகாமல் உட்கார்ந்திருக்கும் கிருமியை மருந்து கொல்லுமா என்று அந்தத் தட்டு யாரையும் கேட்பதில்லை. இன்னும் ஒரு சிக்கல்: மெதுவாக வளரும் கிருமியை இதே முறையில் பரிசோதித்தால், அது வளர்வதற்குள் மருந்து வெகுதூரம் பரவிவிடும், வட்டம் பெரிதாகத் தெரியும். உள்ளதைவிட நல்ல செய்தியாக அது ரிப்போர்ட்டில் ஏறிவிடும்.

'நோ க்ரோத்' விஷயத்துக்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண ஸ்டேஃபிலோகாக்கஸ் நல்ல உணவு கிடைத்தால் அரை மணி நேரத்துக்குள் இரண்டாகிவிடும். 18 மணி நேரத்தில் 36 தடவை இரட்டிக்க நேரம் இருக்கிறது. ஒரே ஒரு கிருமியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் புள்ளி உருவாக அது தாராளம். உணவு தீர்ந்து அதற்கு முன்னாலேயே நின்றும்விடும். இப்போது ஒரு மந்தமான வகை, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறைதான் இரட்டிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 18 மணி நேரத்தில் ஆறு தடவை, அதாவது ஒன்று 64 ஆகும். 64 கிருமிகளை எந்தக் கண்ணாலும் தட்டில் பார்க்க முடியாது. அதே தட்டை 72 மணி நேரம் வைத்திருந்தால் 24 தடவை, ஒன்றரைக் கோடிக்கு மேல். அப்போதுதான் குண்டூசி முனை அளவுக்கு ஒரு புள்ளி தென்படும். பல ஆய்வகங்களில் சீழ் கல்ச்சரை 48 மணி நேரத்தில் முடித்து 'நோ க்ரோத்' எழுதிவிடுவார்கள். அந்த நேரம் வரைக்கும் அது உண்மைதான். ஆனால் நோயாளி வீட்டில் அதைக் 'கிருமி இல்லை' என்று படிப்பார்கள்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், இடுப்பு மூட்டு மாற்றிய ஒரு முதியவரின் திசு வந்தது. இரண்டாம் நாள் பிளட் அகாரில், அதாவது ரத்தம் கலந்த கல்ச்சர் தட்டில், ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலையில், விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற அளவில் சாம்பல் நிறத்தில் ஏழெட்டுப் புள்ளிகள். ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸின் எந்த அடையாளமும் அதில் இல்லை. ஆரியஸ் என்றால் பொன்னிறம் என்று பொருள். இதில் நிறமே இல்லை. சுற்றியிருக்கும் ரத்தத்தைக் கரைத்துப் பளிச்சென்று ஒரு வளையம் விடுமே, அதுவும் இல்லை. கிருமி பிளாஸ்மாவை உறைய வைக்கிறதா என்று பார்த்து ஆரியஸை அடையாளம் காணும் கோயாகுலேஸ் சோதனையை நான்கு மணி நேரத்தில் பார்த்தேன், நெகட்டிவ். தோலிலிருந்து வந்து ஒட்டிய கிருமி, பொருட்படுத்த வேண்டியதில்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன். அந்தச் சோதனைக் குழாயை அன்று கழுவ எடுத்துப் போடாமல் யாரோ ஸ்டாண்டிலேயே விட்டிருந்தார்கள். மறுநாள் காலையில் அது உறைந்திருந்தது. இந்த வகைகளில் கோயாகுலேஸ் இப்படித் தாமதமாகத்தான் பாசிட்டிவ் ஆகும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. உடனே வார்டுக்குப் போன் செய்தேன். அவரை முந்தின நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாலு மாதம் கழித்து அதே இடுப்போடு திரும்பி வந்தார். இன்றுவரை எந்த இம்ப்ளான்ட் (உடம்புக்குள் வைத்த செயற்கைப் பொருள்) கல்ச்சரையும் 48 மணி நேரத்தில் நான் கையெழுத்துப் போட்டு முடிப்பதில்லை.

சரி, இந்தக் குட்டிக் காலனி வகை என்றால் என்ன? அது புதிய கிருமி இனம் இல்லை. அதே ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ்தான், உடம்புக்குள் இருக்கும்போதே மூச்சை அடக்கிக்கொண்ட வடிவம். 'மூச்சை' என்று ஒப்புக்குச் சொல்லவில்லை. கிருமி தன் உணவை எரித்து ஆற்றல் எடுக்க, எலக்ட்ரான்களைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பும் ஒரு சங்கிலி அதன் சவ்வில் இருக்கிறது. அந்தச் சங்கிலிக்கு ஹீமின் வேண்டும், வைட்டமின் கே வகையைச் சேர்ந்த மெனாகுவினோன் வேண்டும். இவற்றில் ஒன்றைச் செய்யும் மரபணு பழுதானால் சங்கிலி அறுந்துபோகும். கிருமி சாகாது, நொதித்தல் மூலம் கொஞ்சமாக ஆற்றல் எடுத்துக்கொண்டு, மெதுவாக, சிறிதாக, நிறமில்லாமல், நஞ்சு அதிகம் சுரக்காமல் வாழும். ஆய்வகத்தில் ஹீமினோ, மெனாகுவினோன் செய்ய உதவும் மெனடியோனோ ஊறிய தாளைத் தட்டில் வைத்தால், அந்தத் தாளைச் சுற்றி இருக்கும் புள்ளிகள் மட்டும் கொழுகொழுவென்று பழைய உருவத்துக்கு வளர்ந்து நிற்கும். முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அது கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது. குறை எங்கே என்று கிருமியே நம்மிடம் காட்டிக்கொடுக்கிறது.

இந்த ஒரு பழுதில் கிருமிக்குக் கிடைக்கும் ஆதாயத்தைப் பாருங்கள். ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் கிருமிக்குள் நுழைய அதன் சவ்வில் இருக்கும் மின்னழுத்தம் தேவை. சங்கிலி அறுந்தால் மின்னழுத்தம் குறையும், மருந்து உள்ளே போகாது. பெனிசிலின் குடும்பமும் வாங்கோமைசினும் கிருமி தன் சுவரைக் கட்டும் வேலையைக் கெடுப்பவை. கொத்தனார் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கும்போது கலவையில் கைவைத்தால் வீடு சரியும். வேலையே நின்றுபோன கட்டடத்தில் கலவையைக் கெடுத்து என்ன ஆகப்போகிறது? கோட்ரைமாக்சசோல் என்ற ஆண்டிபயாடிக்கை நீண்ட நாள் கொடுத்தால் இன்னொரு வகை தோன்றுவது உண்டு. அது தைமிடின் என்ற டிஎன்ஏ மூலப்பொருளைத் தானே செய்வதை விட்டுவிட்டு, சுற்றியுள்ள சீழிலும் செத்த செல்களிலும் இருந்து எடுத்துக்கொள்ளும். சீழில் தைமிடினுக்குப் பஞ்சமே இல்லை. மருந்து அடைக்கும் வழியே அதற்குத் தேவைப்படாமல் போகிறது. இந்த வகையை அதிகம் கண்டது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களின் நுரையீரலில். மூட்டில் ஹீமின், மெனடியோன் வகைகளைப் பற்றித்தான் அதிகம் பேசப்படுகிறது.

இவற்றோடு இன்னொன்றையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1944இல் டப்ளினில் ஜோசப் பிக்கர் என்பவர், பெனிசிலினில் எவ்வளவு ஊறப்போட்டாலும் ஸ்டேஃபிலோகாக்கஸில் ஒரு சில மட்டும் பிழைத்துக்கொள்வதைக் கண்டு, அவற்றுக்குப் 'பெர்சிஸ்டர்' என்று பெயர் வைத்தார். அவற்றை எடுத்துத் திரும்ப வளர்த்தால் சாதாரணக் கிருமியாகவே வளரும், மறுபடி பெனிசிலினில் சாகும். அதாவது தற்செயலாக உறங்கிக்கொண்டிருந்தவை. குட்டிக் காலனி வகைகளில் பலவற்றில் மரபணுவே மாறியிருக்கும், தட்டில் அந்தச் சிற்றுருவத்தோடு தலைமுறை தலைமுறையாக வளரும். ஆனால் இரண்டுக்கும் நடுவே கோடு அவ்வளவு தெளிவாக இல்லை. நோயாளியிடமிருந்து எடுத்த குட்டிக் காலனிகளில் கணிசமானவை இரண்டு மூன்று முறை மாற்றி வளர்த்தாலே பழைய பெரிய உருவத்துக்குத் திரும்பிவிடுகின்றன. எது எப்போது திரும்பும் என்பது முழுதாகப் புரிந்த விஷயம் இல்லை.

உடம்புக்குள் இவை எங்கே இருக்கின்றன? சாதாரண ஸ்டேஃபிலோகாக்கஸ் நம் செல்லுக்குள் நுழைந்தால், ஆல்ஃபா டாக்சின் என்ற நஞ்சால் அந்தச் செல்லையே உடைத்துவிடும். செல் உடைந்தால் காவல் அணுக்கள் ஓடி வரும், காய்ச்சல் வரும், ஆள் படுத்துவிடுவார். குட்டிக் காலனி வகைக்கு நஞ்சு குறைவு. அதனால் தங்கிய வீட்டை இடிக்காமல் எலும்புச் செல்லுக்குள்ளும் நார்த்திசுச் செல்லுக்குள்ளும் அமைதியாக இருக்கும். அங்கே ஜென்டாமைசினோ பெனிசிலின் வகைகளோ சரியாக எட்டுவதில்லை. அம்மாவுக்குப் பெரிதாகக் காய்ச்சல் இல்லை, சிஆர்பி (அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனை) லேசாகத்தான் கூடியிருக்கிறது என்று நீங்கள் ஆச்சரியப்பட்டு எழுதியிருந்தீர்களே, அந்த மந்தமான சித்திரம் இதோடு பொருந்துகிறது. பொருந்துகிறது என்றுதான் சொல்கிறேன். இதையே நிரூபணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் பல மந்தமான தொற்றுகள் இப்படித்தான் இருக்கும். ஜெர்மனியில் லோரேனா துச்செர், பெட்டினா லோஃப்லர் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்றைக் காட்டினார்கள்: சாதாரணக் கிருமியைச் செல்லுக்குள் விட்டுச் சில வாரம் வைத்திருந்தால் உள்ளே குட்டிக் காலனி வடிவங்கள் பெருகுகின்றன, வெளியே எடுத்து நல்ல உணவு கொடுத்தால் பழைய மூர்க்கத்துக்குத் திரும்புகின்றன. மருந்தை நிறுத்திய மூன்று வாரத்தில் உங்கள் வீட்டில் நடப்பதும் ஏறக்குறைய இப்படிப்பட்டதாக இருக்கலாம்.

அப்புறம் அந்த உலோக மூட்டு. இம்ப்ளான்ட் இல்லாத உடம்பில் இந்தக் கிருமிக்கு இவ்வளவு தைரியம் வராது. 1957இல் ஸ்டீஃபன் எலெக் என்ற ஆய்வாளர் தன்னார்வலர்களின் தோலில் ஸ்டேஃபிலோகாக்கஸைச் செலுத்திப் பார்த்தார். சீழ் கட்டப் பல லட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. அதே தோலில் ஒரு தையல் நூல் இருந்தபோது சில நூறு கிருமிகளே போதுமாக இருந்தன. ஒரு நூலுக்கே இப்படி என்றால் முழங்கால் முழுக்க உலோகமும் பிளாஸ்டிக்கும் சிமென்ட்டும் இருந்தால்? அந்தப் பரப்பில் ரத்த ஓட்டம் கிடையாது, காவல் அணுக்கள் சரியாக வேலை செய்வதில்லை. கிருமிகள் ஒட்டிக்கொண்டு பிசுபிசுப்பான ஒரு படலத்தைச் சுரந்து அதற்குள் அடங்கிவிடும். பயோஃபிலிம் என்பது இதுதான். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில் கைவைத்தால் வழுக்குமே, அந்த மாதிரி. தொட்டியைக் காலி செய்து தேய்க்காமல், மேலே பிளீச்சிங் பவுடர் மட்டும் தூவினால் தண்ணீர் ஒரு வாரம் தெளிவாக இருக்கும். படலம் அப்படியேதான் இருக்கும். குட்டிக் காலனி வகைகள் இந்தப் படலத்துக்குள்ளும் காணப்படுகின்றன. பேஸ்மேக்கர் கம்பிகளிலும் இதே கதை பதிவாகியிருக்கிறது; அங்கே ஆரியஸைவிடச் சாதுவான தோல் ஸ்டேஃபிலோகாக்கஸ்களிலும் குட்டிக் காலனிகளைப் பார்த்திருக்கிறார்கள்.

இந்த வடிவங்கள் இருப்பது நூறு வருடத்துக்கு மேலாகத் தெரியும். ஆய்வகத்து விநோதம் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அவற்றை நோயாளியின் படுக்கையோடு இணைத்ததில் பெரிய பங்கு அமெரிக்காவின் விஸ்கான்சினில் இருந்த ரிச்சர்ட் ப்ராக்டருக்கு உண்டு. திரும்பத் திரும்ப வரும் தொற்றோடு ஐந்து நோயாளிகளின் விவரத்தை 1995இல் அவர் குழு வெளியிட்டது. 1997இல் ஜெர்மனியின் மூன்ஸ்டரில் கிறிஸ்டோஃப் ஃபான் ஐஃப் குழுவினர், எலும்பில் சீழ் பிடித்து ஜென்டாமைசின் கலந்த சிறு மணிகள் உள்ளே வைக்கப்பட்ட நோயாளிகளிடமிருந்து இவற்றைப் பிரித்தெடுத்தார்கள். 2006இல் சுவிட்சர்லாந்தில் பர்ஹாம் செண்டி, வெர்னர் சிம்மர்லி ஆகியோர் செயற்கை இடுப்பு மூட்டில் இந்த வகைத் தொற்று வந்த ஐந்து பேரைப் பற்றி எழுதினார்கள். அதில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது கிருமிகள் செல்லுக்குள்ளேயே இருந்ததும் தெரிந்தது. எண்ணிக்கையைக் கவனியுங்கள்: ஐந்து பேர், ஐந்து பேர். ஆழமாகக் கவனிக்கப்பட்ட சிறு கூட்டங்கள் இவை.

இதனால்தான் உறுதியானதையும் ஐயமானதையும் இங்கே பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வடிவங்கள் உண்டு, நீண்ட நாள் மருந்து சாப்பிட்டவர்களிடம் அதிகம் தென்படுகின்றன, வழக்கமான கல்ச்சரில் எளிதாகத் தவறிப்போகும், ஜென்டாமைசினுக்குப் பெரிதும் மசியாது. இவ்வளவும் உறுதி. இவைதான் சிகிச்சை தோற்கக் காரணமா, அல்லது சிகிச்சை தோற்றுக்கொண்டே இருந்த உடம்பில் பின்னால் சேரும் தடயமா என்பது உறுதி இல்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து 2014இல் வந்த ஆய்வில், ஸ்டேஃபிலோகாக்கஸால் செயற்கை மூட்டில் தொற்று வந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் குட்டிக் காலனிகள் இருந்தன. அப்படி இருந்தவர்கள் முன்பே சிகிச்சை தோற்றவர்களாக, நீண்ட நாள் அவதிப்பட்டவர்களாக இருந்தார்கள். ஆனால் முறையான அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் முடிவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. என் வரையில் இது உங்களுக்கு நல்ல செய்தி. அந்தப் பெயரைக் கேட்டதும் இனி ஒன்றும் செய்ய முடியாது என்று அம்மா அழுதார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மருத்துவர் 'இருக்கலாம்' என்றுதான் சொல்லியிருக்கிறார், இன்னும் யாரும் அதைத் தட்டில் பார்க்கவில்லை. இரண்டு 'நோ க்ரோத்' வர இதைவிடச் சாதாரணக் காரணங்கள் உண்டு. மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கல்ச்சர் எடுத்தது முதல் காரணம். உங்கள் தேதிகளைப் பார்த்தால் இரண்டாவது முறை நிச்சயமாக அப்படித்தான் நடந்திருக்கிறது. தழும்பில் சீழ் வடியும் துவாரத்தில் பஞ்சுக் குச்சியைத் தொட்டு எடுத்தது இரண்டாவது. அந்தக் குச்சியில் வருவது பெரும்பாலும் தோலின் கிருமி. அங்கே ஒன்றும் வரவில்லை என்றாலும் மூட்டுக்குள் இல்லை என்று ஆகாது. தவிர, க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற வேறொரு மந்தக் கிருமி, காசநோய்க் கிருமி, பூஞ்சை ஆகியவையும் இப்படி ஒளிந்திருக்கும். நம் ஊரில் காசநோயை எந்த மூட்டிலும் ஒரு தரம் யோசித்துத்தான் ஆக வேண்டும்.

ஆகவே இப்போது முதல் தேவை இன்னொரு ஆண்டிபயாடிக் பட்டியல் இல்லை, ஒழுங்காக எடுத்த ஒரு மாதிரி. அம்மாவின் உடல்நிலை இடம் கொடுத்தால், அதாவது காய்ச்சல், ரத்தத்தில் தொற்று போன்ற அவசரம் இல்லையென்றால், மருத்துவரின் மேற்பார்வையில் எல்லா ஆண்டிபயாடிக்கையும் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மாதிரி எடுப்பது நல்லது. நீங்களாக நிறுத்தாதீர்கள். மூட்டு நீரை ஊசியில் எடுத்துச் செல்களை எண்ணுவது, கல்ச்சர் போடுவது ஒரு படி. ஆபரேஷன் செய்யும்போது மூட்டைச் சுற்றி வெவ்வேறு இடங்களிலிருந்து ஐந்தாறு திசுத் துண்டுகளை, ஒவ்வொன்றுக்கும் தனிக் கத்தி, தனிப் புட்டி என்று எடுத்து அனுப்புவது அடுத்த படி. ஏன் இத்தனை என்றால், ஒரு துண்டில் மட்டும் தோல் கிருமி வந்தால் அது வழியில் ஒட்டியதாக இருக்கலாம். இரண்டு மூன்று துண்டுகளில் ஒரே கிருமி வந்தால் அதை ஒதுக்க முடியாது. எடுத்த மூட்டையே ஆய்வகத்துக்கு அனுப்பினால், மீயொலி அலைத் தொட்டியில் வைத்துப் படலத்தை உதிர்த்து அந்தத் திரவத்தைக் கல்ச்சர் போடலாம். 2007இல் மேயோ கிளினிக்கில் ஆண்ட்ரே ட்ராம்புஸ் செய்த ஆய்வில், மாதிரி எடுப்பதற்கு முந்தைய 14 நாளுக்குள் மருந்து சாப்பிட்டவர்களிடம்கூட இந்த முறை 75 சதவீதம் பேரின் கிருமியைப் பிடித்தது. திசுக் கல்ச்சர் 45 சதவீதத்தைத்தான் பிடித்தது. இந்த வசதி எல்லா ஊரிலும் கிடையாது. இல்லையென்றாலும் திசுத் துண்டுகள் ஒழுங்காக இருந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

இதில் நீங்களே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, செலவில்லாதது. மாதிரியோடு போகும் படிவத்தில் 'செயற்கை மூட்டுத் தொற்று, மருந்துக்குப் பிறகு திரும்ப வந்தது, 14 நாள் வைக்கவும், சிறு காலனிகளைத் தேடவும்' என்று எழுதச் சொல்லுங்கள். வெறும் 'pus (சீழ்), கல்ச்சர்' என்று இரண்டு சொல்லோடு வரும் புட்டியை ஆய்வகத்தில் இருப்பவர் வேறு எப்படி நடத்த முடியும்? அப்படி எழுதி வந்தால் நாங்கள் தட்டுகளை எடுத்துப் போடாமல் வைத்திருப்போம், கோயாகுலேஸை முழுநாள் கழித்தும் பார்ப்போம், குண்டூசி முனைப் புள்ளியையும் மால்டி-டாஃப் போன்ற கருவியில் வைத்து அடையாளம் காண்போம். அதே மாதிரியில் காசநோய்ச் சோதனையும் கேளுங்கள். இதைக் கேட்க ஒரு காரணம் இருக்கிறது. அடுத்து சொல்லப்போகும் மருந்தோடு அது சம்பந்தப்பட்டது.

ரிஃபாம்பிசின். மந்தமாகக் கிடக்கும் ஸ்டேஃபிலோகாக்கஸையும், படலத்துக்குள்ளும் செல்லுக்குள்ளும் இருப்பதையும் ஓரளவு எட்டும் மருந்து இது. 1998இல் சிம்மர்லி குழு வெளியிட்ட சோதனையில், ரிஃபாம்பிசினையும் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற இன்னொரு ஆண்டிபயாடிக்கையும் சேர்த்துச் சிகிச்சையை முடித்த 12 பேரும் குணமானார்கள். சிப்ரோஃப்ளாக்சசின் மட்டும் எடுத்த 12 பேரில் 7 பேர் குணமானார்கள். இந்த எண்ணை வைத்து உலகமே நடந்தது. ஆனால் அந்த நோயாளிகள் எல்லாம் சமீபத்தில் தொற்று வந்தவர்கள், மூட்டு ஆடாமல் உறுதியாக இருந்தவர்கள். உங்கள் அம்மாவின் நிலை அப்படி இல்லை. 2020இல் நார்வேயிலிருந்து வந்த இன்னொரு சிறிய சோதனையில் ரிஃபாம்பிசினைச் சேர்த்ததால் தெளிவான லாபம் தெரியவில்லை. எனவே இதை அற்புத மருந்தாக நம்ப வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். ஒன்று மட்டும் உறுதி: ரிஃபாம்பிசினைத் தனியாகக் கொடுக்கவே கூடாது. ஒரே ஒரு மரபணு மாற்றத்தில் ஸ்டேஃபிலோகாக்கஸ் அதிலிருந்து தப்பிவிடும். இது காசநோய்க்கும் கொடுக்கும் மருந்து என்பதால், கண்டுபிடிக்காத காசநோய் உள்ளே இருந்தால் அதுவும் தப்பக் கற்றுக்கொள்ளும், அப்போது நமக்கு இரட்டைத் தொல்லை. கொடுத்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் அம்மா வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுப்பது) போன்ற மருந்து ஏதாவது சாப்பிடுகிறார் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பல மருந்துகளின் அளவை ரிஃபாம்பிசின் குறைத்துவிடும்.

அறுவை சிகிச்சை வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்கப் பயந்திருக்கலாம். மாதக்கணக்கில் தொற்று இருந்து, சீழ் வடியும் துவாரமும் விழுந்துவிட்ட முழங்காலில், மாத்திரையால் மட்டும் கிருமியை ஒழித்ததை நான் என் வேலைக் காலத்தில் பார்த்தது மிகக் குறைவு. பொதுவாக அந்தச் செயற்கை மூட்டை எடுத்துவிட்டு, கெட்ட திசுவைச் சுரண்டி எடுத்து, ஒரே அமர்விலோ அல்லது சில வாரம் இடைவெளி விட்டு இரண்டாவது அமர்விலோ புதிய மூட்டு வைப்பார்கள். எது பொருத்தம் என்பது எலும்பின் நிலை, தோலின் நிலை, கிருமி எது என்பதைப் பொறுத்தது. கிருமி இன்னதென்று தெரியாமல் ஆபரேஷனுக்கு அவசரப்படுவது நல்லதில்லை என்று மட்டும் ஆய்வகத்துக்காரராகச் சொல்வேன். பிறகு எத்தனை நாள் மருந்து? பிரான்ஸில் நடந்து 2021இல் வெளியான பெரிய சோதனையில் 6 வாரத்தையும் 12 வாரத்தையும் ஒப்பிட்டார்கள். தொற்று நீடித்தவர்கள் 6 வாரக் குழுவில் 18.1 சதவீதம், 12 வாரக் குழுவில் 9.4 சதவீதம். அதனால் மூன்று மாதம் என்று சொன்னால் அதிகம் என்று நினைக்காதீர்கள், நடுவில் நன்றாகிவிட்டது என்று நிறுத்தவும் விடாதீர்கள். குட்டிக் காலனி வகைக்கென்று தனியாக இத்தனை வாரம் என்று நிரூபித்த சோதனை எதுவும் இல்லை.

முதல் ஆபரேஷனில் ஜென்டாமைசின் கலந்த சிமென்ட் போட்டதால்தான் இது வந்ததா என்று உங்கள் தம்பி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்தச் சிமென்ட் மூட்டுத் தொற்றைத் தடுக்கத்தான் பல இடங்களில் பயன்படுகிறது, அதைப் போட்டது தவறு இல்லை. ஏற்கெனவே தொற்று புகுந்துவிட்ட இடத்தில், குறைந்த அளவில் நாள்கணக்காகக் கசியும் ஜென்டாமைசின் குட்டிக் காலனிகளைத் தேர்ந்தெடுத்து வளரவிடலாம் என்பதற்கு ஆய்வகச் சான்றும், முன்னே சொன்ன மூன்ஸ்டர் அனுபவமும் இருக்கின்றன. அம்மாவுக்கு அதுதான் நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்த ஆபரேஷனில் சிமென்ட்டில் எந்த மருந்தைக் கலப்பது என்பதைக் கல்ச்சர் முடிவு வந்த பிறகு தீர்மானிக்கச் சொல்லலாம். அது நியாயமான கோரிக்கை.

கடைசியாகப் பேத்தி. மூட்டின் ஆழத்தில் இருக்கும் இந்தக் கிருமி மடியில் உட்காருவதால் குழந்தைக்குத் தாவாது. ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸ் நம்மில் பலர் மூக்கிலேயே சும்மா குடியிருக்கும் கிருமிதான். கவனிக்க வேண்டியது வடியும் சீழை மட்டும்: துவாரத்தின் மேல் எப்போதும் சுத்தமான கட்டு இருக்கட்டும், கட்டு மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், நனைந்த கட்டைப் பையில் கட்டிப் போடுங்கள், அம்மாவின் துண்டைக் குழந்தைக்குப் பயன்படுத்தாதீர்கள். குழந்தைக்கு அடிபட்ட புண் ஏதாவது இருந்தால் அது ஆறும்வரை கொஞ்சம் கூடுதல் கவனம். மற்றபடி அவள் பாட்டி மடியிலேயே இருக்கட்டும், இடது பக்கமாக.